இரத்தநாள அறுவை மருத்துவர்களும் உள்நாளச் சிகிச்சைப் பயிற்சியும்: ஒரு வரலாறு

உள்நாளச் சிகிச்சை என்பது உடலைப் பெரிதாகக் கீறித் திறக்காமல், தொடை இடுக்கிலோ கையிலோ உள்ள தமனியில் ஊசியால் சிறு துளையிட்டு, அதன் வழியே மெல்லிய கம்பியையும் குழாயையும் செலுத்தி, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே நோயை உள்ளிருந்து சரிசெய்யும் முறையாகும். அடைபட்ட தமனியைப் பலூனால் விரிப்பது, ஸ்டென்ட் என்னும் வலைக்குழாயைப் பொருத்துவது, உப்பிப்போன பெருந்தமனிக்குள் துணியுறை கொண்ட ஸ்டென்டை வைத்து நலிந்த சுவரின்மீது இரத்த அழுத்தம் மோதாமல் தடுப்பது ஆகியவை இதில் அடங்கும். இன்று இரத்தநாள அறுவை மருத்துவரின் அன்றாட வேலையில் பெரும்பங்கு இதுதான். ஆனால் இம்முறையை உருவாக்கியவர்களில் பலர் அறுவை மருத்துவர்கள் அல்லர். கத்தியும் தையலுமாகப் பழகிய ஒரு துறை, தன் நடுவயதில் வேறொரு துறையின் கைத்தொழிலைக் கற்க வேண்டியதாயிற்று. கற்றது போதுமா என்பதை யார் முடிவு செய்வது, எதைக் கொண்டு அளப்பது என்ற கேள்விகள் அப்போது எழுந்தன. அவற்றுக்கு வெவ்வேறு நாடுகளும் மருத்துவச் சங்கங்களும் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விடைகளைத் தந்துள்ளன.

கதிரியல் அறையில் பிறந்த முறை

1953ஆம் ஆண்டு சுவீடன் நாட்டுக் கதிரியல் மருத்துவர் ஸ்வென் ஐவர் செல்டிங்கர் ஒரு எளிய உத்தியை வெளியிட்டார். ஊசியால் தமனியைக் குத்த வேண்டும்; ஊசியின் உள்ளே ஒரு கம்பியை நுழைக்க வேண்டும்; கம்பியை உள்ளேயே விட்டுவிட்டு ஊசியை உருவிவிட வேண்டும்; பிறகு கம்பியின் மேலாகக் குழாயை ஏற்ற வேண்டும். அதற்கு முன்பு பருமனான குழாயைத் தமனிக்குள் செலுத்த வேண்டுமென்றால், தோலைக் கீறித் தமனியை வெளிக்கொணர வேண்டியிருந்தது. செல்டிங்கரின் உத்தி அந்தத் தேவையை நீக்கியது. அறுவை மருத்துவரின் துணையில்லாமலே கதிரியல் மருத்துவர் இரத்தநாளங்களுக்குள் சென்றுவர முடிந்தது. இன்றும் உள்நாளச் சிகிச்சையின் முதல் படி இதுதான்.

படம் எடுக்க உள்ளே போன குழாயைக் கொண்டு நோயையும் சரிசெய்யலாம் என்று நினைத்தவர் அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் போர்ட்லண்ட் நகரில் பணியாற்றிய சார்லஸ் டாட்டர். அவரும் கதிரியல் மருத்துவரே. 1964 ஜனவரி 16 அன்று 82 வயது மூதாட்டி ஒருவருக்கு அவர் இச்சிகிச்சையைச் செய்தார். அம்மூதாட்டியின் பாதம் அழுகத் தொடங்கியிருந்தது. காலை எடுத்துவிட வேண்டும் என்று அறுவை மருத்துவர்கள் சொன்னதை அவர் ஏற்கவில்லை. டாட்டர் தொடைத் தமனியின் குறுகலான இடத்தினூடே கம்பியைச் செலுத்தி, அதன்மேல் ஒன்றைவிட ஒன்று பருமனான குழாய்களை ஏற்றி அடைப்பை விரித்தார். பாதம் சூடேறியது, வலி போயிற்று. இரண்டரை ஆண்டுகள் கழித்து இறக்கும்வரை அவர் தம் இரு கால்களோடுதான் வாழ்ந்தார்.

இந்த வெற்றியை அமெரிக்க அறுவை மருத்துவர்கள் கொண்டாடவில்லை. கிட்டார் கம்பிகளையும் வோக்ஸ்வேகன் காரின் வேகமானிக் கம்பியையும் கொண்டு கருவி செய்து பார்த்த டாட்டர், அவர்கள் கண்ணுக்கு விசித்திர மனிதராகத் தெரிந்தார். நோயாளியைப் படமெடுக்க அனுப்பிய ஓர் அறுவை மருத்துவர், படம் மட்டும் எடுத்தால் போதும், சரிசெய்ய முயல வேண்டாம் என்று பரிந்துரைச் சீட்டிலேயே எழுதி அனுப்பியதுண்டு. முப்பது ஆண்டுகள் கழித்து அதே துறையினர் கதிரியல் அறைகளின் வாசலில் கற்றுக்கொள்ள இடம் கேட்டு நிற்க நேர்ந்ததை எண்ணினால், அந்தச் சீட்டு இத்துறையின் வரலாற்று ஆவணம் என்றே சொல்லலாம்.

அறுவை மருத்துவர்கள் கதீட்டரைத் தொட்டதே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. 1963இல் தாமஸ் ஃபோகார்ட்டி அறிமுகப்படுத்திய பலூன் கதீட்டர், தமனியில் சிக்கிய இரத்தக்கட்டியை இழுத்து வெளியேற்றும் கருவி. ரப்பர் கையுறையின் விரல்நுனியைக் குழாயில் கட்டி அவர் அதன் முதல் வடிவத்தைச் செய்தார். உலகெங்கும் அறுவை அரங்குகளில் அது உடனே இடம்பிடித்தது. ஆனால் அதைப் பயன்படுத்தத் தமனியைத் திறந்தாக வேண்டும். எக்ஸ்ரே திரை கட்டாயமில்லை. எனவே கருவி கைக்கு வந்த பின்னும் அறுவை மருத்துவர்களின் பழக்கம் மாறவில்லை.

சூரிச்சில் நேரடி வகுப்பு

டாட்டரின் முறை அமெரிக்காவில் புறக்கணிக்கப்பட்டாலும் ஐரோப்பாவில் தழைத்தது. சூரிச் நகரில் பணியாற்றிய ஆண்ட்ரியாஸ் க்ரூன்ட்சிக், தம் வீட்டுச் சமையலறை மேசையில் பலூன் கதீட்டர்களை உருவாக்கி, 1974இல் கால் தமனியிலும் 1977 செப்டம்பரில் இதயத் தமனியிலும் பயன்படுத்தினார். மருத்துவ வரலாறு அவரை இதய ஆஞ்சியோபிளாஸ்டியின் தந்தையாக நினைவுகூர்கிறது. பயிற்சியின் வரலாற்றில் அவருக்கு வேறோர் இடமும் உண்டு. 1978இல் அவர் சூரிச்சில் ஒரு வகுப்பு நடத்தினார். வந்திருந்த மருத்துவர்கள் ஓர் அறையில் அமர்ந்து, வேறோர் அறையில் அவர் உண்மையான நோயாளிக்குச் செய்யும் சிகிச்சையைத் தொலைக்காட்சித் திரையில் நேரடியாகப் பார்த்தனர். சிகிச்சை தோல்வியடைந்தால் அதையும் அவர்கள் கண்முன்னே பார்க்க நேரிடும். இந்த நேரடி வகுப்பு முறை பின்னர் உலகெங்கும் பரவியது. சுமார் இருபது ஆண்டுகள், நடுவயது மருத்துவர்கள் உள்நாளச் சிகிச்சையை முதன்முதலில் பார்த்த இடம் பெரும்பாலும் இத்தகைய கூட்டங்கள்தாம்.

பார்ப்பது வேறு, செய்வது வேறு என்பதில் யாருக்கும் ஐயமில்லை. திறந்த அறுவையில் மருத்துவர் தமனியைக் கண்ணால் காண்கிறார், விரலால் தொட்டு அதன் துடிப்பையும் கடினத்தையும் உணர்கிறார். உள்நாளச் சிகிச்சையில் அவர் காண்பது தட்டையான சாம்பல்நிறப் படத்தை மட்டுமே. முப்பரிமாண நாளத்தை அதிலிருந்து மனத்தில் கட்டியெழுப்ப வேண்டும். தொடை இடுக்கில் கம்பியைத் திருகினால் அரை மீட்டருக்கு அப்பால் அதன் நுனி எப்படித் திரும்பும் என்பது விரல்களுக்குப் பழக வேண்டும். கம்பி சற்று மிகையாக முன்னேறினால் நாளத்தின் சுவர் கிழியலாம். சுவரில் ஒட்டியிருந்த படிவின் துகள் பெயர்ந்து மூளைக்கோ காலுக்கோ போகலாம். இருபது ஆண்டுகள் தமனிகளைத் தைத்த கைக்கும் இது புதிய வேலைதான்.

1990: பெருந்தமனிக்குள் ஓர் உறை

இரத்தநாள அறுவை மருத்துவர்களை உலுக்கியது காலிலுள்ள தமனியன்று, வயிற்றிலுள்ள பெருந்தமனி. அதன் சுவர் நலிந்து உப்பும் தமனி வீக்கம் வெடித்தால் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. 1951இல் பாரிஸில் ஷார்ல் துபோ வீங்கிய பகுதியை அகற்றி மாற்றுக்குழாய் தைத்த காலம் முதல், இதற்கான திறந்த அறுவையே இரத்தநாள அறுவைத் துறையின் அடையாளமாக இருந்தது. வயிற்றை நெடுகக் கீறி, பெருந்தமனியைக் கிடுக்கியால் அடைத்து, செயற்கைக் குழாயைத் தைக்கும் கடினமான அறுவை அது. நோயாளிகளோ முதியவர்கள். பலருக்கு இதய நோயும் நுரையீரல் நோயும் சேர்ந்தே இருக்கும்.

1987இல் அன்றைய சோவியத் ஒன்றியத்தின் கார்கிவ் நகரில் நிகோலாய் வொலொதோஸ் மார்புப் பெருந்தமனிக்குள் உறை பொருத்திய ஸ்டென்டை வைத்தார். ரஷ்ய மொழியில் வெளியான அவருடைய பணி மேற்குலகை எட்ட நெடுநாளாயிற்று. உலகின் கவனத்தைத் திருப்பியது 1990 செப்டம்பரில் புவெனஸ் அயர்ஸ் நகரில் ஹுவான் பரோடி செய்த சிகிச்சை. செயற்கைத் துணிக்குழாயை ஹூலியோ பல்மாஸ் உருவாக்கிய ஸ்டென்டில் தைத்து, தொடைத் தமனி வழியே ஏற்றி, வயிற்றுப் பெருந்தமனியில் விரித்தார். பல்மாஸ் கதிரியல் மருத்துவர். பரோடி இரத்தநாள அறுவை மருத்துவர். தம் துறையின் அடையாள அறுவைக்கு மாற்று ஒன்றைத் தம்மவர் ஒருவரே கொண்டுவந்ததால் மற்றவர்களால் அதை ஒதுக்க முடியவில்லை. 1991இல் கட்டுரை வெளியானது. 1992 நவம்பரில் பரோடியின் துணையோடு நியூயார்க்கின் மான்டிஃபியோரி மருத்துவமனையில் மைக்கேல் மாரினும் ஃபிராங்க் வீத்தும் அமெரிக்காவின் முதல் சிகிச்சையைச் செய்தனர். மருத்துவர்கள் ஈவார் என்று சுருக்கி அழைக்கும் சிகிச்சை இதுவே.

டார்வினைத் துணைக்கு அழைத்த உரை

1990களின் நடுவில் அமெரிக்க இரத்தநாள அறுவை மருத்துவர்களின் நிலை சங்கடமானது. ஆஞ்சியோகிராம் அறைகள் கதிரியல் துறையின் கையில் இருந்தன. கதீட்டர் திறனில் இதயநோய் மருத்துவர்கள் வெகுதூரம் முன்னே சென்றிருந்தனர். இதயத்தில் பழகிய கையோடு கால் தமனிகளுக்கும் கழுத்துத் தமனிகளுக்கும் இறங்கி வந்துகொண்டிருந்தனர். நோயாளிகளை அறிந்திருந்தும், நோயின் போக்கை அறிந்திருந்தும், அறுவை மருத்துவருக்குக் கருவி தெரியவில்லை.

1996இல் இரத்தநாள அறுவைச் சங்கத்தின் தலைவராக உரையாற்றிய ஃபிராங்க் வீத், தம் உரைக்குச் சார்லஸ் டார்வினைத் துணைக்கு அழைத்தார். சூழல் மாறும்போது தன்னை மாற்றிக்கொள்ளாத உயிரினம் அழிவதுபோல, கதீட்டர் திறனைக் கற்காத இரத்தநாள அறுவைத் துறையும் அழியும் என்பது அவர் வாதம். அத்தோடு நிற்காமல், இத்துறை பொது அறுவையின் கிளையாக இருப்பதை விட்டுத் தனக்கெனத் தனிச் சான்றளிப்பு வாரியம் காண வேண்டும் என்றும் அவர் கோரினார். உரையில் தொழிலைக் காக்கும் அச்சம் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. நோயாளியின் நலமும் மருத்துவரின் பிழைப்பும் ஒரே வாதத்தில் பின்னிக் கிடப்பது இவ்வரலாறு முழுவதும் காணப்படும் சிக்கல்.

உரையைக் கேட்டவர்கள் பல வழிகளில் கற்றனர். சிலர் சொந்த மருத்துவமனையில் சில மாதங்கள் விடுப்பெடுத்து, வேறு நகரில் இளையவர் ஒருவரின் கீழ் குறுகிய காலப் பயிற்சி பெற்றனர். சிலர் தம் கதிரியல் துறை நண்பரோடு கூட்டாக வேலை செய்து கற்றனர். கதவு திறக்காத இடங்களில், அறுவை அரங்குக்குள்ளேயே சி-ஆர்ம் எனப்படும் நகரும் எக்ஸ்ரே கருவியைக் கொண்டுவந்து தாமே பழகியவர்களும் உண்டு. இன்று பெரிய மருத்துவமனைகளில் காணப்படும் கலப்பு அறுவை அரங்கு, அதாவது அறுவை வசதியும் உயர்தர எக்ஸ்ரே வசதியும் ஒன்றாக அமைந்த அறை, அந்தத் தள்ளுவண்டிக் கருவியின் வாரிசு என்று கொள்ளலாம்.

எண்ணிக்கை என்னும் அளவுகோல்

கற்றவருக்கு அனுமதி தருவது எப்படி? ஒவ்வொரு மருத்துவமனையும் தன் மருத்துவர்களுக்கு எந்தெந்தச் சிகிச்சையைச் செய்யலாம் என்று தனித்தனியே அனுமதி வழங்குவது அமெரிக்க வழக்கம். அதற்கு ஒரு வரையறை தேவைப்பட்டது. 1990களில் கதிரியல், இதயவியல், இரத்தநாள அறுவைச் சங்கங்கள் தனித்தனியே வரையறை எழுதின. எல்லாரும் தேர்ந்தெடுத்த அளவுகோல் ஒன்றே: எத்தனை செய்திருக்கிறார் என்ற எண்ணிக்கை. இடையீட்டுக் கதிரியல் சங்கம் 200 ஆஞ்சியோகிராம் கேட்டது. இதயவியல் சங்கங்கள் 100 கேட்டன. இரத்தநாள அறுவைச் சங்கங்கள் 1993இல் குறைந்த எண்ணிக்கையோடு தொடங்கி, 1999இல் வெளியிட்ட திருத்திய பரிந்துரையில் 100 ஆஞ்சியோகிராம், 50 சிகிச்சை என்று உயர்த்தின. அவற்றில் பாதியிலாவது அவர் முதன்மை மருத்துவராக இருந்திருக்க வேண்டும்.

இந்த எண்கள் ஆய்வு செய்து கண்டுபிடித்தவை அல்ல. அனுபவமுள்ளவர்கள் கூடி ஒப்புக்கொண்டவை. ஒவ்வொரு சங்கமும் தன் உறுப்பினர்களால் எட்டக்கூடிய, பிற துறையினரால் எளிதில் எட்ட முடியாத எண்ணை விரும்பியதில் வியப்பில்லை. நூறு முறை தவறாகச் செய்தவரும் இந்தக் கணக்கில் தேறுவார். இருபதில் கைதேர்ந்தவர் தேறமாட்டார். ஆயினும் எண்ணிக்கைக்கு ஒரு நன்மை உண்டு. அதைப் பதிவேட்டில் சரிபார்க்க முடியும். கைத்திறனைச் சரிபார்க்க அன்று வேறு வழி இருக்கவில்லை.

ஈவாரின் மதிப்பை அறிய பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வும் இதே வழியில்தான் சென்றது. பங்கேற்க விரும்பிய ஒவ்வொரு மருத்துவமனையும் முன்பே 20 ஈவார் சிகிச்சைகளைச் செய்திருக்க வேண்டும் என்று அது நிபந்தனை விதித்தது. 1082 நோயாளிகள் பங்குபெற்ற அந்த ஆய்வின் முதல் முடிவு 2004இல் வந்தது. முதல் 30 நாள்களில் இறந்தவர்கள் ஈவாரில் 1.7 சதவீதம், திறந்த அறுவையில் 4.7 சதவீதம். புதிய முறை பாதுகாப்பானது என்பதற்கு இது சான்றாயிற்று. ஆனால் அது பழகிய கைகள் பெற்ற முடிவு என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

விற்பவரே ஆசிரியர்

1999 செப்டம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இரண்டு ஈவார் கருவிகளுக்கு ஒரே நேரத்தில் ஒப்புதல் அளித்தது. அதன்பின் பயிற்சியின் பெரும்பகுதி கருவி செய்யும் நிறுவனங்களின் பொறுப்பாயிற்று. வகுப்பு நடத்துவதும், முதல் சில சிகிச்சைகளின்போது அனுபவமுள்ள மருத்துவரை அருகில் நிறுத்துவதும், தம் பிரதிநிதியை அறுவை அரங்குக்கே அனுப்புவதும் வழக்கமாயின. கருவியைப் பற்றி அதிகம் அறிந்தவர் அவரே என்பதால் இதில் நியாயமும் இருந்தது.

ஆபத்தும் அங்கேதான் இருந்தது. ஒப்புதல் பெற்ற இரண்டில் ஒன்றான ஆன்கியூர் கருவியைச் செலுத்தும் அமைப்பு சில வேளைகளில் நோயாளியின் உடலுக்குள்ளேயே சிக்கிக்கொண்டது. கைப்பிடியை உடைத்து விடுவிக்கும் உத்தி ஒன்றை, முறையாகச் சோதிக்கப்படாத நிலையிலேயே, விற்பனைப் பிரதிநிதிகள் மருத்துவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தனர். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கோளாறுகள் அரசுக்கு அறிவிக்கப்படவில்லை. 2003இல், கைடன்ட் குழுமத்தைச் சேர்ந்த தயாரிப்பு நிறுவனம் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 9 கோடியே 24 லட்சம் டாலர் செலுத்த இசைந்தது. கருவியும் சந்தையிலிருந்து மறைந்தது. பயிற்சியைக் கருவி விற்பவரிடம் விட்டால் கருவியின் குறையைக் கற்பிப்பவர் யார் என்ற கேள்வி அதன்பின் எளிதில் ஓயவில்லை.

கழுத்துத் தமனியில் நடந்த சோதனை

பயிற்சி என்பது ஏட்டுச் சடங்கல்ல, நோயாளியின் மூளையோடு தொடர்புடையது என்பதைக் காட்டியது கழுத்துத் தமனி. மூளைக்குச் செல்லும் இத்தமனியில் படிவு சேர்ந்து குறுகினால் பக்கவாதம் வரக்கூடும். தமனியைத் திறந்து படிவைச் சுரண்டி எடுப்பது பழைய முறை. உள்ளே ஸ்டென்ட் வைப்பது புதியது. புதிய முறையில் கம்பியும் ஸ்டென்டும் படிவைத் தாண்டிச் சென்றாக வேண்டும். அப்போது பெயரும் சிறு துகளும் நேரே மூளைக்குப் போகும். கை தடுமாறினால் விளைவு உடனே தெரிந்துவிடும்.

இரு முறைகளையும் ஒப்பிட்டு பிரான்சில் நடந்த ஈவா-3எஸ் ஆய்வில் 527 நோயாளிகள் சேர்க்கப்பட்டிருந்தபோது, 2005இல், பாதுகாப்புக் கருதி அது இடையிலேயே நிறுத்தப்பட்டது. 2006இல் வெளியான முடிவின்படி, 30 நாள்களுக்குள் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தவர்கள் அறுவையில் 3.9 சதவீதம், ஸ்டென்ட் முறையில் 9.6 சதவீதம். உடனே விவாதம் வெடித்தது. அந்த ஆய்வில் அறுவை மருத்துவர் முந்தைய ஓராண்டில் மட்டும் 25 அறுவைகளைச் செய்திருக்க வேண்டும். ஸ்டென்ட் வைப்பவருக்கோ மொத்தமே 12 கழுத்துத் தமனிச் சிகிச்சைகள் போதும். அல்லது பெருந்தமனி வளைவிலிருந்து கிளைக்கும் நாளங்களில் 35 ஸ்டென்ட்கள் வைத்து, அவற்றில் 5 கழுத்துத் தமனியில் இருந்தால் போதும். அதுவும் இல்லாதவர் வழிகாட்டி ஒருவரின் மேற்பார்வையில் ஆய்வு நோயாளிகளுக்கே சிகிச்சை செய்து கற்கலாம். ஒப்பிடப்பட்டவை இரு சிகிச்சைகளா, அல்லது தேர்ந்தவரும் கற்பவருமா என்று விமர்சகர்கள் கேட்டனர். அனுபவம் கூடியவர், குறைந்தவர் ஆகியோரின் முடிவுகளுக்கிடையே தங்கள் தரவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று ஆய்வாளர்கள் விடையளித்தனர். அவர்களில் யாருமே போதிய அனுபவம் பெறவில்லை என்பதற்கே அது சான்று என்று எதிர்த்தரப்பு கூறியது.

வட அமெரிக்காவில் நடந்த க்ரெஸ்ட் ஆய்வு வேறு வழியைத் தேர்ந்தது. ஸ்டென்ட் வைக்க விரும்பிய மருத்துவரின் முந்தைய சிகிச்சைகளை ஒரு குழு ஆராய்ந்தது. அவர் கைப்பயிற்சி பெற்றார். பின்னர், ஆய்வின் கணக்கில் சேராத முன்னோட்டக் கட்டத்தில் 20 நோயாளிகள் வரை சிகிச்சை செய்து, அந்த முடிவுகளை மீண்டும் குழுவிடம் காட்டினார். விண்ணப்பித்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேரே, 224 பேர், அனுமதி பெற்றனர். கதிரியல், இதயவியல், அறுவை, நரம்பியல் என எல்லாத் துறையினரும் இதில் அடக்கம். 2010இல் 2502 நோயாளிகளின் முடிவு வெளியானபோது, பக்கவாதம், மாரடைப்பு, மரணம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் இரு முறைகளுக்கும் பெரிய வேறுபாடில்லை. ஸ்டென்டில் பக்கவாதம் சற்று அதிகம். அறுவையில் மாரடைப்பு சற்று அதிகம். கடும் தேர்வுக்குப் பின்னும் பக்கவாதத்தின் இடைவெளி மறையவில்லை என்பது கவனத்துக்குரியது. குறை முழுவதும் கையில் இல்லை, ஒரு பகுதி சிகிச்சையிலேயே இருக்கிறது. ஆயினும் மருத்துவரின் பட்டத்தையோ துறையையோ பாராமல், அவர் செய்த வேலையின் விளைவைப் பார்த்து அனுமதி தருவது இயலும் என்பதற்கு இந்த ஆய்வு முன்மாதிரியாயிற்று.

பொம்மை நோயாளி

2004 ஆகஸ்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் முதல் கழுத்துத் தமனி ஸ்டென்டுக்கு ஒப்புதல் அளித்தபோது, பயிற்சித் திட்டத்தில் கணினிப் பாவனைக் கருவியும் இடம்பெற்றது. ஒரு மருத்துவக் கருவிக்கான ஒப்புதலோடு பாவனைப் பயிற்சி சேர்க்கப்பட்டது புதுமை. விமானிகள் பறக்குமுன் தரையிலேயே பழகுவதை மருத்துவர்கள் பல ஆண்டுகளாக எடுத்துக்காட்டிப் பேசிவந்தனர்; இப்போது அது ஓரளவு நடைமுறைக்கு வந்தது. இக்கருவியில் மருத்துவர் உண்மையான கம்பியையும் கதீட்டரையும் ஒரு பெட்டிக்குள் செலுத்துவார். திரையில் நாளங்கள் அசையும். கம்பி தடைபட்டால் விரலுக்கு எதிர்விசை தெரியும். கருவி நேரத்தையும், செலவான சாய மருந்தின் அளவையும், எக்ஸ்ரே இயங்கிய நிமிடங்களையும் கணக்கிட்டுச் சொல்லும்.

பெட்டியில் கற்றது நோயாளியிடம் பயன்படுமா என்பதை நியூயார்க்கில் நடந்து 2006இல் வெளியான ஓர் ஆய்வு சோதித்தது. பயிற்சி மருத்துவர்கள் 20 பேரில் பாதிப்பேர் அதிகபட்சம் இரண்டு மணி நேரம் பாவனைக் கருவியில் பழகினர். பிறகு எல்லாரும் மேற்பார்வையில் உண்மையான நோயாளிகளின் கால் தமனிகளில் வேலை செய்தனர். யார் எந்தக் குழு என்று அறியாத மதிப்பீட்டாளர்கள், பழகியவர்களுக்கே தெளிவாக அதிக மதிப்பெண் அளித்தனர். இரண்டே மணி நேரம் என்பதுதான் இதில் வியப்பு. எண்ணிக்கைக்கு மாற்றாக ஓர் அளவுகோல் இருக்கக்கூடும் என்ற நம்பிக்கையை இத்தகைய ஆய்வுகள் தந்தன.

சான்றிதழ்

அமெரிக்க அறுவை வாரியம் 1982இல் இரத்தநாள அறுவைக்குக் கூடுதல் தகுதிச் சான்றிதழ் வழங்கத் தொடங்கியிருந்தது. அது பொது அறுவைச் சான்றிதழின் மேல் ஏற்றப்பட்ட இரண்டாம் மாடி. வீத் முதலானோர் 1996இல் தனி வாரியம் ஒன்றைப் பதிவுசெய்தனர். ஆனால் மருத்துவ வாரியங்களின் கூட்டமைப்பு அதை ஏற்கவில்லை. நெடிய இழுபறிக்குப் பின் ஒரு சமரசம் பிறந்தது. தனி வாரியம் இல்லை. ஆனால் 2006 முதல் பொது அறுவைச் சான்றிதழ் பெறாமலே இரத்தநாள அறுவையில் முதன்மைச் சான்றிதழ் பெறலாம். இதையொட்டி மருத்துவப் படிப்பு முடித்தவுடன் சேரும் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த பயிற்சி 2007இல் தொடங்கியது. ஐந்தாண்டு பொது அறுவைக்குப் பின் இரண்டாண்டு என்ற பழைய வழியும் தொடர்ந்தது. பயிற்சியில் இருப்பவர் 100 உள்நாளப் பரிசோதனை, 80 உள்நாளச் சிகிச்சை, 20 ஈவார் ஆகியவற்றையேனும் செய்ய வேண்டும் என்று வரையறுக்கப்பட்டது. விடுப்பெடுத்துக் கற்ற தலைமுறை மறைந்து, பாடத்திட்டத்திலேயே கற்ற தலைமுறை வந்தது.

பிரிட்டனில் இரத்தநாள அறுவை 2012இல்தான் தனித்துறையாக ஏற்கப்பட்டது. கதிரியலாரும் வாளாவிருக்கவில்லை, இடையீட்டுக் கதிரியல் பிரிட்டனில் 2010இலும் அமெரிக்காவில் 2012இலும் தனி ஏற்பைப் பெற்றது. இந்தியாவில் பொது அறுவை மேற்படிப்புக்குப் பின் மூன்றாண்டு எம்.சிஎச். பட்டமாகவோ தேசியத் தேர்வு வாரியத்தின் பட்டமாகவோ இரத்தநாள அறுவை கற்பிக்கப்படுகிறது; எம்.சிஎச். வழங்கும் நிறுவனங்களில் சென்னை மருத்துவக் கல்லூரியும் ஒன்று.

தேர்வு முறையில் இரு கண்டங்களும் வேறுபடுகின்றன. அமெரிக்கச் சான்றிதழுக்கு எழுத்துத் தேர்வும் வாய்மொழித் தேர்வும் உண்டு. கைத்திறனைப் பொறுத்தவரை, சிகிச்சைப் பதிவேடும் பயிற்சித் தலைவரின் உறுதிமொழியுமே அடிப்படை. ஐரோப்பிய மருத்துவ வல்லுநர் ஒன்றியம் நடத்தும் இரத்தநாள அறுவைத் தேர்விலோ, தேர்வாளர்கள் பார்த்திருக்க, மாதிரிகளில் தமனியைத் தைத்தும் கதீட்டரைச் செலுத்தியும் காட்ட வேண்டும். ஒரு மருத்துவரின் கைவேலையை நேரில் பார்க்காமலே சான்றிதழ் தருவது பொருந்துமா என்று கேட்பவர்களுக்கு இத்தேர்வு நல்ல எடுத்துக்காட்டு.

பாடத்தில் பிந்திச் சேர்ந்தவை

தொடக்ககாலப் பயிற்சியில் கதிர்வீச்சுப் பாதுகாப்புக்குப் போதிய இடம் இல்லை. கதிரியல் மருத்துவர் தம் முதல் ஆண்டிலேயே கற்கும் பாடம் அது. அறுவை மருத்துவருக்கோ அது பழக்கமில்லாதது. அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் உள்நாளச் சிகிச்சை வகுப்புகளை நடத்திய முன்னோடி அறுவை மருத்துவர் எட்வர்ட் டீத்ரிக், தமக்கு வந்த கண்புரையையும் மூளைக் கட்டியையும் பல்லாண்டுக் கதிர்வீச்சோடு தொடர்புபடுத்தி வெளிப்படையாகப் பேசினார். அவர் 2017இல் மறைந்தார். எத்தனை சிகிச்சை என்பதோடு, எவ்வளவு கதிர்வீச்சில் செய்தார் என்பதையும் பயிற்சியில் பதிவு செய்வது இன்று வழக்கமாகியுள்ளது.

மற்றொன்று எதிர்பாராதது. ஈவார் பரவப் பரவ, திறந்த பெருந்தமனி அறுவைகள் குறைந்தன. பிரிட்டிஷ் ஆய்வின் 15 ஆண்டுத் தொடர்கண்காணிப்பு 2016இல் வெளியானபோது, முதல் மாதங்களில் ஈவாருக்கு இருந்த அனுகூலம் நாளடைவில் மறைந்து, எட்டு ஆண்டுகளுக்குப் பின் திறந்த அறுவை செய்துகொண்டவர்களிடையே இறப்பு குறைவாக இருப்பது தெரிந்தது. உறை நகர்ந்தோ கசிந்தோ தோற்றால், சில நோயாளிகளுக்கு வயிற்றைத் திறந்து அதை அகற்றியாக வேண்டும். தமனியின் அமைப்பு உறைக்குப் பொருந்தாதவர்களுக்கும் திறந்த அறுவையே கதி. இது வழக்கமான அறுவையைவிடக் கடினமானது. ஆனால் இதைச் செய்ய வேண்டிய இளைய மருத்துவர் தம் பயிற்சிக் காலத்தில் வழக்கமான அறுவையையே குறைவாகத்தான் பார்த்திருப்பார். அமெரிக்கப் பயிற்சி வரையறையில் உள்நாள எண்ணிக்கைகளோடு 30 வயிற்று அறுவைகளும் கட்டாயமாக இருப்பது இதனால்தான். சுவிட்சர்லாந்தின் பொன்ட்ரெசினா போன்ற இடங்களில், செயற்கை இரத்தம் துடித்தோடும் மாதிரிப் பெருந்தமனிகளைக் கிடுக்கியால் அடைத்துத் தைத்துப் பழகும் வகுப்புகளுக்கு இளைய இரத்தநாள அறுவை மருத்துவர்கள் இப்போது செல்கின்றனர்.